செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம்

பக்கத்தில் ஒரு பட்டாளத்துக்காரன் உட்கார்ந்திருந்தால் எனக்குச் சாவு வராது என்று நம்பினேன். சின்ன வயதில் அல்ல, இப்போதுதான், மீசைக்கு மை தடவிக்கொள்ளும் வயதில். எங்கள் ஒலிபெருக்கிக்காரர்கள் சேர்ந்து போடும் ஆண்டு மலருக்கு, "ஆஸ்பத்திரி அனுபவத்த எழுதிக் குடுங்க, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றார்கள். பித்தப்பையில் கல் இருப்பவர்களுக்கு உபயோகமாகத்தான் இருக்கும். ஆனால் கல்லைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் அது பொய்யாகிவிடும்.

எனக்கு மைக் செட் தொழில். வெட்டாற்றங்கரையில் எங்கள் ஊரில் காதுகுத்தோ கருமாதியோ, குழாய் ஸ்பீக்கரும் என்னுடையது, அதில் வரும் குரலும் என்னுடையது. மைக் செட் பன்னீர் என்றால்தான் ஆள் தெரியும். சிரிக்க வைப்பேன். அழ வைக்கச் சொன்னால் அதற்குத் தனி ரேட்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் காசு வாங்காமல் மைக் கட்டுவேன். அது மதியழகன் நினைவு நாள். மதியழகன் எங்கள் ஊர்ப் பையன். ராணுவத்தில் இருந்தான், வடக்கே எல்லையில் இறந்தான். கொடி போர்த்தி அவனைக் கொண்டுவந்த அன்று, நடவு வயலில் நின்ற பெண்கள் சேற்றுக் காலோடு கரையேறி ரோட்டோரம் வரிசையாக நின்றார்கள். அப்புறம் ஊர் சேர்ந்து வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு தூண் எழுப்பியது. வருஷா வருஷம் அங்கே மாலை, மௌனம், என் பேச்சு, கடைசியில் பிரியாணி.

என் பேச்சில் ஒரு இடம் உண்டு. "செவ்வாய்க்கிழமை. வடக்கே சூலம். தாய் தடுத்தாள். கடமை அழைக்கிறது என்றான். பாலைக் குடித்தான். பையைத் தூக்கினான்." இங்கே நிறுத்திவிடுவேன். நிறுத்தினாலே போதும், பெண்கள் பக்கம் முந்தானை எல்லாம் கண்ணுக்குப் போகும். மதியழகனின் அம்மா தனபாக்கியம் அக்கா மட்டும் முந்தானையைத் தொடமாட்டார். தரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசை ஆகாது என்பது பஞ்சாங்கக் கணக்கு. செவ்வாயும் புதனும் வடக்கு ஆகாது. போயே தீரவேண்டும் என்றால் பால் குடித்துவிட்டுக் கிளம்பலாம், அது பரிகாரம். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ராகு காலத்தில் ஏணி போட்டு ஒயர் இழுக்கிறவன் நான். பேச்சுக்கு எடுப்பாக இருக்கிறதே என்று சேர்த்துக்கொண்டேன்.

மதியழகனின் தம்பி இளங்கோவும் பட்டாளத்தில் இருக்கிறான். அண்ணன் நினைவு நாளை ஒட்டி லீவு வாங்கி வந்துவிடுவான். வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு எனக்கு ஒயர் சுற்றித் தருவான். என்னை மாமா என்றும் என் மனைவி சுமதியை அத்தை என்றும் கூப்பிடுவான். ரத்த உறவில்லை, தெரு உறவு.

இந்தத் தடவை அவன் வந்ததில் ஒரு விசேஷம் இருந்தது. அவனுடைய படைப்பிரிவிலிருந்து ஒரே ஒருவரை, புதிதாகச் சேரும் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க அனுப்பப் போகிறார்கள். அதற்கு அந்தச் சனிக்கிழமை ஒரு டெஸ்ட். தேறினால் பனிமலையை விட்டு இறங்கிச் சமவெளியில் சில வருஷம் வேலை. வீடு கொடுப்பார்கள், பெண்டாட்டி பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளலாம். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் மனைவி தீபா அவனோடு குடித்தனம் நடத்தியதெல்லாம் போனில்தான். அவள் யூடியூப் பார்த்து இந்தி படிக்க ஆரம்பித்திருந்தாள். தண்ணீர், பால், தக்காளி என்ன விலை என்பது வரை வந்துவிட்டாள். மகள் யாழினி, "அங்க ஐஸ் சும்மாவே கெடைக்குமாம்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தது. இறங்கிப் போகப் போகிறோம் என்பது அந்தக் குழந்தைக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இளங்கோவுக்கு ரயில். ரயில், அப்புறம் ராணுவ முகாம், அங்கிருந்து லாரி வரிசையில் மலைக்கு. எல்லாம் சரியாகப் போனால் டெஸ்ட்டுக்கு முந்தின நாள் போய்ச் சேருவான்.

நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. "மரணத்தைக் கண்டு அஞ்சாத மண் இது" என்று நான் முழங்கிய முழக்கத்தில் மதகில் உட்கார்ந்திருந்த கொக்கு எழுந்து போனது. அப்புறம் பிரியாணியை ஒரு பிடி பிடித்தேன். கூட்டம் கலைந்து, இளங்கோ ஸ்பீக்கரை இறக்கிக்கொண்டிருந்தபோது, நெஞ்சுக்குழியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. கட்டைவிரல் முழங்கை ஆனது. வலி முதுகுப் பக்கம் போய் வலது தோளில் ஏறியது. சட்டை நனைந்துவிட்டது. அப்படியே தூணைக் கட்டிக்கொண்டு சரிந்தேன்.

"இளங்கோ, நான் போறேன்டா. அட்டாக்குடா. என்னைய விட்டுட்டுப் போயிடாதடா. சுமதி, சாவியெல்லாம் ஆம்ப்ளிஃபயர் பொட்டிக்குள்ள இருக்கு."

நான் முணுமுணுத்ததாகத்தான் நினைத்தேன். சட்டையில் மாட்டியிருந்த காலர் மைக்கை அணைக்கவில்லை. மதகின் மேல் இன்னும் இறக்காத ஒரு குழாய் இருந்தது. வடக்குத் தெரு, தெற்குத் தெரு, ஆற்றுக்கு அக்கரை எல்லோரும் கேட்டார்கள். சாவி இருக்கும் இடம் முதற்கொண்டு.

என்னுடைய குட்டியானை வண்டியிலேயே பெட்டிகளுக்கு நடுவில் என்னைப் படுக்க வைத்து, இளங்கோ தஞ்சாவூருக்கு ஓட்டினான். சுமதி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மைக்கு ஆஃப் பண்ணியாச்சு, இனிமே என்ன வேணா சொல்லுங்க" என்றாள். 

அவசரப் பிரிவில் சட்டையைக் கழற்றி நெஞ்சில் பசை தடவி ஒயர் ஒயராக ஒட்டினார்கள். இத்தனை வருஷம் ஊருக்கு ஒயர் இழுத்தவனுக்கே ஒயர் இழுத்துவிட்டார்கள். அது ஈ.சி.ஜி. இதயத்தின் மின்சாரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று தாளில் கோடு போட்டுக் காட்டும். கோடு ஒழுங்காக இருந்தது. நான் நம்பவில்லை. ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசைக்கு அடிபட்டால் அதிலிருந்து கசியும் ஒரு பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. முதல் தடவை இல்லையென்றாலும் சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்க்கிறார்கள், ஏனென்றால் தாமதமாகவும் கசியுமாம். இந்த 'தாமதமாகவும்' என்ற ஒரு சொல் போதும் எனக்கு. விடிய விடிய இளங்கோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அவனுக்கு நெஞ்சை அமுக்கி உயிர் கொடுக்கும் முதலுதவி தெரியும் என்று எப்போதோ சொல்லியிருந்தான். டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அவன் அமுக்கிவிடுவான் என்பது என் கணக்கு. போகப் போக அந்தக் கணக்கே பெரிதாகி, இவன் நாற்காலியில் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்ற இடத்துக்கு வந்துவிட்டது. அவன் சிறுநீர் கழிக்கப் போனால்கூட, "எங்கடா போற" என்பேன்.

"தோ இருக்கேன் மாமா."

"ஒனக்கெல்லாம் பயமே கெடையாதாடா?"

"இருக்கும். பக்கத்துல இருக்கிறவன்கிட்ட சொல்லுவோம். அவனும் எனக்கும்தான்டாம்பான். அதோட டீ போடப் போயிருவோம்."

திங்கட்கிழமை வயிற்றில் ஜில்லென்று ஒரு பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். சாயங்காலம் ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். சுமதியும் இளங்கோவும் நின்றார்கள்.

"ஹார்ட்டுக்கு ஒண்ணுமே இல்லைங்க. ரெண்டு பிளட் டெஸ்ட்டும் நார்மல். கல்லீரலுக்கு அடியில பித்தப்பைன்னு ஒரு சின்னப் பை தொங்கும். கொழுப்பு செரிக்கிறதுக்கான நீரைச் சேத்து வைக்கும். உங்களுக்கு அதுல கல்லு. ஒரு கல்லு அந்தப் பையோட வாய்ல போய் அடைச்சிருக்கு, பை வீங்கிருச்சு. எண்ணெய்ச் சாப்பாடு ஏதும் சாப்பிட்டீங்களா?"

"வீரவணக்கத்துக்குப் பிரியாணி," என்றாள் சுமதி.

"பையை எடுத்துடணும். வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு எடுக்கறது. புதன்கிழமை பண்ணிடலாம். பயப்பட ஒண்ணுமில்ல."

பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு டாக்டர் சொன்னால் நான் பயப்படாமல் இருப்பதற்கு நான் வேறு ஆளாக இருக்கவேண்டும். மயக்க மருந்து கொடுத்தவன் எழுந்திருக்கவில்லை என்று நான் மைக் கட்டிய கருமாதிகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று இருந்தது. அதுவே போதும்.

பில் விஷயத்தை நான் பார்க்கவே இல்லை. மருந்துக் கடைச் சீட்டுகளைச் சுமதி ஹேர்பின்னில் கோத்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் எந்தெந்த ஜன்னலில் நின்றாளோ தெரியாது, மேலே வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். எனக்கு எண்ணெய் வாசனையே கூடாது என்றதும், அவளும் காண்டீனில் இட்லியைச் சட்னி இல்லாமல் வாங்கிவந்து என் எதிரில் தின்றாள். அந்த இட்லியைக்கூட நான் கிண்டல் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் இளங்கோ கீழே டீ குடிக்கப் போயிருந்தபோது சுமதி சொன்னாள்: "இன்னைக்கு அந்தப் புள்ளைக்கு ரயிலு. ஒங்க மொகத்தப் பாத்துட்டு அது கெளம்ப மாட்டேங்குது. நீங்களா வாயத் தொறந்து 'போயிட்டு வாடா'ன்னு சொல்லுங்க. நான் இருக்கேன்ல."

"சொல்றேன், சொல்றேன்," என்றேன்.

அவள் வெந்நீர் பிடிக்கப் போனாள். நான் போனை எடுத்து தனபாக்கியம் அக்காவைக் கூப்பிட்டேன். இதை இப்போது எழுதுவதற்குக் கை வரவில்லை. ஆனால் அன்று பேசும்போது நாக்கு நன்றாகவே வந்தது.

"அக்கா, பன்னீர் பேசுறேன்."

"தம்பி, ஒடம்பு எப்படிப்பா இருக்கு? வெட்டாத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்."

"எனக்கென்னக்கா. இன்னைக்குப் பய கெளம்புறானாம்ல."

"ஆமாப்பா. சீடை சுட்டுக்கிட்டு இருக்கேன்."

"அதில்லக்கா. இன்னைக்குச் செவ்வாக்கெழம."

அந்தப் பக்கம் எண்ணெய் கொதிப்பது மட்டும் கேட்டது.

"வடக்கே சூலம்லக்கா," என்றேன். "நான் நம்பமாட்டேன், ஒனக்குத் தெரியும். ஆனா நீ நம்புவியே, அதான் சொன்னேன். நாளைக்கும் அதேதான். வியாழக்கெழம போனா என்ன கொறஞ்சா போவுது."

"பால் குடுத்து அனுப்பலாம்னு இருந்தேன்," என்றார் அக்கா. குரல் வேறாக இருந்தது. "அவனும் அன்னைக்குப் பால் குடிச்சுட்டுத்தான் போனான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே நிறுத்தவேண்டும் என்பது எனக்கு வருஷா வருஷம் பழக்கம்.

வியாழக்கிழமை என்று நான் வாய் தவறிச் சொல்லவில்லை. புதன்கிழமை ஆபரேஷன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வடக்கு ஆகாது என்று பஞ்சாங்கம் சொல்கிறது. எனக்கென்றே போட்ட மாதிரி இருந்தது.

மதியத்துக்குள் அக்கா பஸ் பிடித்து வந்துவிட்டார். வார்டு வாசலில், வீட்டிலிருந்து வரவழைத்த பையைத் தோளில் மாட்டிக் கிளம்பத் தயாராக நின்ற இளங்கோவின் பை வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு வேணாம்பா."

"அம்மா, டிக்கெட் கன்ஃபார்ம் ஆயிருச்சும்மா. சனிக்கெழம டெஸ்ட்டு. இத விட்டா அடுத்து எப்பன்னு தெரியாது."

"அவனுக்குந்தான் கன்ஃபார்ம் ஆயிருந்துச்சு."

இளங்கோ குனிந்து அம்மாவின் விரலை எடுக்கப் பார்த்தான். ஒரு விரலை எடுத்தால் இன்னொரு விரல் பிடித்தது. போர்க்களத்துக்குப் போய் வந்தவன், அந்தக் கைகளை விலக்க முடியாமல் நின்றான். "தீபாகிட்ட என்னம்மா சொல்றது? பாத்திரமெல்லாம் கட்டி வச்சிருக்கா," என்றான்.

"நீ உசுரோட இருந்தா அவ எங்க வேணா இருப்பா. பன்னீர் தம்பியே சொல்லுச்சுப்பா. சாமி கும்புடாத தம்பியே சொல்லுதுன்னா பாத்துக்க."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன், எதிர்த்து ஒரு நக்கலாவது வந்திருக்கும். மாமா இப்படியும் செய்வாரா என்று யோசிக்கிற பார்வை அது. அப்போதே சொல்லியிருக்கலாம். 'அக்கா, அது சும்மா சொன்னது, எனக்குப் பயமா இருந்துச்சு, அவன அனுப்பு' என்று சொல்ல வாயைத் திறந்தேன். தண்ணீர் கேட்டேன். அவன்தான் எடுத்துக் கொடுத்தான்.

அப்புறம் பையை என் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போய்ப் படைப்பிரிவுக்குப் போன் போட்டான். ரொம்ப நேரம் இந்தியில் பேசினான். அவன் திரும்பி வந்ததும், "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட வேண்டியதுதானடா," என்று யோசனை வேறு சொன்னேன்.

"இல்ல மாமா. உள்ளதத்தான் சொன்னேன். லீவ நீட்டிச்சுக் குடுத்துட்டாங்க."

"பாத்தியா," என்றேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"டெஸ்ட்ட நீட்டிக்க முடியாதுன்னாங்க," என்றான். "வேகமா போனா ஒருவேள புடிக்கலாம். பாப்போம்."

சுமதிக்கு அன்று சாயங்காலம்தான் விஷயம் முழுவதும் தெரிந்தது. அக்காவே சொல்லியிருக்கிறார், நன்றியோடு. சுமதி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நம்ம கல்யாணத்தையே ராகு காலத்துல வச்ச ஆளு நீங்க."

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

"பெத்த வயித்துல போய் மைக் கட்டியிருக்கீங்க," என்றாள். பிறகு போர்வையை இழுத்து என் காலை மூடிவிட்டாள். திட்டிவிட்டுப் போயிருக்கலாம். காலை மூடிவிட்டது தாங்கவில்லை.

ஆபரேஷன் பற்றிக் கேட்பவர்களுக்கு: முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. வயிற்று முடியை மழித்துவிடுவார்கள். பச்சை அங்கி ஒன்று கொடுப்பார்கள், பின்பக்கம் முடிச்சு எட்டாது, கூச்சம் அங்கேயே போய்விடும். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். இளங்கோ கூடவே நடந்தான். ஒரு கண்ணாடிக் கதவு வந்தது. "அட்டெண்டர் இதுக்கு மேல வரக்கூடாதுங்க," என்றார் நர்ஸ். அவன் நின்றுவிட்டான், கதவு மூடிக்கொண்டது. யாரை நம்பி நான் அத்தனையும் செய்தேனோ அவன் கதவுக்கு வெளியே. உள்ளே குளிர், பெரிய விளக்கு, முகமூடி போட்ட ஒருவர், "பேரு என்ன சொல்லுங்க" என்றார். "மைக் செட்..." என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான்.

விழித்தபோது தொண்டை எரிந்தது. குழாய் போட்டிருந்ததால் அப்படி இருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும், பயப்படவேண்டாம். வலது தோள் வலித்தது. வயிற்றைக் காற்றடித்து உப்பவைத்துத்தான் செய்கிறார்கள், மிச்சக் காற்று தோளுக்கு வலியைக் கடத்தும். எழுந்து நடந்தால் குறையும். இதை எல்லாம் முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் நான் மறுபடியும் அட்டாக் என்று கத்தியிருக்கமாட்டேன். கத்தினேன். டாக்டரம்மா ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை ஆட்டிக் காட்டினார். கற்கள். கடலைப் பருப்பு அளவில், மஞ்சளும் கருப்புமாக. சுமதி டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் இளங்கோ கிளம்பினான். திருச்சியிலிருந்து விமானம். அந்தச் செலவு அவனுடையது. நான் தருகிறேன் என்றதற்கு, "மொதல்ல ஒடம்பப் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டான். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்தான். எனக்கு முன்னால் சல்யூட் அடிக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை, அம்மாவிடம் நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கஞ்சி குடிங்க, எண்ணெ வேணாம்" என்றான். சுமதியிடம் மட்டும், "அத்தை, யாழினிய அடுத்த வாரம் ஒருநாள் நம்ம வீட்டுக்குக் கூட்டியாந்து வச்சுக்கங்க, டெஸ்ட்டு போச்சுன்னா தீபா மனசு விட்டுருவா" என்றான்.

எனக்கு வந்தது மாரடைப்பு இல்லை. பித்தப்பைக் கல். ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அந்த நேரம் முழுவதும் எனக்கு நினைவில்லை, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் தெரியாது. விமானம் மாறி, பஸ் மாறி இளங்கோ வெள்ளிக்கிழமை மதியம் ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது மலைக்குப் போகும் லாரிகள் காலையிலேயே போய்விட்டிருந்தன. அடுத்த வரிசை கிளம்புவதற்குள் சனிக்கிழமை வந்து போய்விட்டது. டெஸ்ட்டுக்குப் பட்டியலில் அவனுக்கு அடுத்த பெயர்க்காரர் போனார், தேறிவிட்டார், குடும்பத்தோடு சமவெளியில் இருக்கிறார். இளங்கோ பழைய மலையில் இருக்கிறான். தீபா பாத்திரங்களைப் பிரித்துப் பரணில் வைத்துவிட்டாள். யாழினியை எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள்.